நிலத்தடிக் கேபிளுக்குள் வளரும் நீர் மரம்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு, புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்னியல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஒரு கேள்வியிலிருந்து தப்பியிருக்க முடியாது. “கம்பியை எல்லாம் மண்ணுக்குள்ள புதைச்சிட்டா என்ன சார்?” மீமிசல் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் இதை ஆர்வத்தால் மட்டும் கேட்பதில்லை. டெல்டாவிலும் அதை ஒட்டிய கடலோரத்திலும் அந்த ஒரே இரவில் சாய்ந்த மின்கம்பங்கள் லட்சத்துக்கும் மேல். நாள்கணக்கில் இருட்டில் உட்கார்ந்திருந்த வீடுகளிலிருந்து வரும் கேள்வி இது.

புதைக்கலாம். புதைத்தும் வருகிறார்கள். சென்னையின் பெரும்பகுதிக்கு மின்சாரம் மண்ணுக்கு அடியில்தான் போகிறது. 2004 சுனாமியும் 2011 தானே புயலும் தாக்கிய கடலூரில், உலக வங்கி உதவியுடனான கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தில் மேல்நிலைக் கம்பிகளுக்குப் பதிலாக நிலத்தடிக் கேபிள் பதிக்கும் பணி நடந்தது. “பின் ஏன் எல்லா ஊரிலும் செய்யவில்லை?” என்ற அடுத்த கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில், செலவு. அது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதி நீரைப் பற்றியது. உப்பளமும் இறால் பண்ணையும், கொஞ்சம் தோண்டினாலே ஊறும் நீரும் உள்ள எங்கள் கடற்கரையில் அந்த மீதிப் பாதியைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வருவதில்லை.

காற்றில் தொங்கும் கம்பிக்குக் காற்றே காப்பு. காப்பு கெட்டுவிடும் என்ற கவலை அங்கே இல்லை. புதைத்த கேபிளுக்குக் காப்பாக இருப்பது சில மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு பாலிமர் சுவர். அந்தச் சுவருக்குள் பல ஆண்டுகளாக, ஓசையின்றி, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பழுது வளரக்கூடும். அதன் பெயர் நீர் மரம்.

கேபிள் இணைப்பு வேலை செய்யும் ஒருவரிடமிருந்து வாங்கிய ஒரு சாண் நீளத் துண்டு ஒன்று எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. 11 கிலோ வோல்ட் கேபிள். குறுக்கே வெட்டிய முகத்தைப் பார்த்தால் மரத்தண்டின் வளையங்கள் போல அடுக்குகள் தெரியும். நடுவில் முறுக்கிய அலுமினிய இழைகள். அதைச் சுற்றி மெல்லிய கறுப்பு அடுக்கு. அடுத்து, பால் வெள்ளையாக, தடிப்பான காப்பு. அதன்மேல் மீண்டும் ஒரு கறுப்பு அடுக்கு. பிறகு செம்புப் பட்டை. இப்படி மூன்று உள்ளகங்களைச் சேர்த்து, மேலே உள்ளுறை, இரும்புக் கவசம், வெளியுறை.

அந்தக் கறுப்பு அடுக்குகளை மாணவர்கள் வெறும் பூச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். அது கரித்தூள் கலந்த, ஓரளவு மின்சாரம் கடத்தும் பாலிமர். (தொழிலில் இதைச் சுருக்கமாக ‘செமிகான்’ என்பார்கள். சிலிக்கான் போன்ற குறைகடத்தி என்று பிள்ளைகள் குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.) முறுக்கிய இழைகளின் மேடுபள்ளங்களை நிரவி, வெள்ளைக் காப்பின் இரு பக்கத்தையும் வழவழப்பாக்குவது அதன் வேலை. கூர்முனையில் மின்புலம் செறியும் என்று பன்னிரண்டாம் வகுப்பில் நடத்துகிறோமே, அந்தக் கூர்முனை கேபிளுக்குள் இருக்கவே கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

வெள்ளைக் காப்பு, பாலித்தீன். 1933-இல் இங்கிலாந்தின் வின்னிங்டன் ஆய்வகத்தில் எத்திலீனையும் பென்சால்டிஹைடையும் பெரும் அழுத்தத்தில் வினைபுரிய வைக்க முயன்ற ஃபாசெட், கிப்சன் இருவருக்கும் எதிர்பாராமல் கிடைத்த மெழுகு போன்ற பொருள். இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளின் கேபிள்களுக்கு அது பயன்பட்டது. வெறும் பாலித்தீன் சூட்டில் இளகிவிடும். ரப்பரில் கந்தகம் சேர்த்து வல்கனைஸ் செய்வது போல, பெராக்சைடு சேர்த்துச் சூடாக்கி அதன் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்தால் 90 டிகிரி செல்சியஸ் வரை தொடர்ந்து வேலை செய்யும் குறுக்குப் பிணைப்புப் பாலித்தீன் கிடைக்கிறது. இன்று நம் சாலையோரங்களில் புதைக்கப்படும் உயர் மின்னழுத்தக் கேபிள்களில் பெரும்பாலானவற்றின் காப்பு இதுதான்.

இதன் வலிமையைக் கரும்பலகையிலேயே கணக்கிடலாம். 11 கிலோ வோல்ட் என்பது இரு கட்டங்களுக்கு இடைப்பட்ட மின்னழுத்தம். ஒரு கட்டத்துக்கும் நிலத்துக்கும் இடையே அதை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஏறத்தாழ 6.35 கிலோ வோல்ட். காப்பின் தடிமன் 3.6 மில்லிமீட்டர். ஆக, சராசரி மின்புலம் மில்லிமீட்டருக்கு 1.76 கிலோ வோல்ட். காற்று மில்லிமீட்டருக்கு 3 கிலோ வோல்ட்டில் முறிந்துவிடும் என்பது பாடநூலில் உள்ள எண். புதிய, தூய பாலித்தீன் காப்போ மில்லிமீட்டருக்கு 20 கிலோ வோல்ட்டுக்கு மேலும் தாங்கும். பத்து மடங்குக்கும் அதிகமான கையிருப்பு. நீர் மரம் சிறுகச் சிறுகத் தின்பது இந்தக் கையிருப்பைத்தான்.

பாலித்தீன் பையில் தண்ணீரையே கட்டித் தூக்கிப் போகிறோம், அதற்குள் நீர் எப்படிப் புகும்? வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார். நான் பெருங்காயத்தைக் கேட்கச் சொல்வேன். பாலித்தீன் உறையில் இறுக மூடி வைத்தாலும் மளிகைக் கடை முழுக்க அதன் வாசனை வருகிறது. துளை எதுவும் இல்லை. சங்கிலி மூலக்கூறுகளின் இடுக்குகள் வழியே வாசனை மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக நுழைந்து வெளியேறுகின்றன. இதைக் கண்ணால் காட்ட அயோடின் போதும். பருப்பு அடைத்து வரும் மெல்லிய உறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கசக்கினால் சரசரக்கும் உறை வேண்டாம், அது பெரும்பாலும் வேறு பாலிமர். உறைக்குள் வடிகஞ்சியை ஊற்றி இறுகக் கட்டி, அயோடின் கலந்த நீரில் ஓர் இரவு அமிழ்த்தி வையுங்கள். காலையில் உள்ளே கஞ்சி நீலக் கறுப்பாகியிருக்கும். வெளியே உள்ள நீரின் பழுப்பு நிறம் கொஞ்சம் வெளிறுமே தவிர நீலமாகாது. சிறிய அயோடின் மூலக்கூறு நுழைந்துவிட்டது, பெரிய ஸ்டார்ச் வெளியே வர முடியவில்லை. அயோடின் பாலித்தீனில் எளிதாகக் கரைவதால் ஒரே இரவில் வேலை முடிகிறது. நீருக்குப் பாலித்தீன் அவ்வளவு பிடிக்காது, மிகக் குறைவாகவே நுழையும். ஆனால் கேபிள் ஓர் இரவுக்காகப் புதைக்கப்படுவதில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் புதைக்கப்படுகிறது.

“எங்க ஊர்ல எட்டு மாசம் மண்ணு காய்ஞ்சுதானே கெடக்கு?” என்றும் ஒரு கேள்வி வரும். மேல்மண் புழுதி பறந்தாலும், ஒரு மீட்டர் ஆழத்தில் மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்று ஏறக்குறைய ஈரம் நிறைந்ததாகவே இருக்கும். பயிர் வாடும் அளவுக்குக் காய்ந்த மண்ணிலும்கூட அப்படித்தான். நீர் மரம் வளரக் கேபிள் குளத்துக்குள் கிடக்க வேண்டியதில்லை. காப்புக்குள் ஈரப்பதம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தாண்டினாலே போதும். எனவே மீமிசலுக்கும் வறண்ட விராலிமலைக்கும் இந்த விஷயத்தில் நாம் நினைக்கும் அளவு வேறுபாடு இல்லை. கடற்கரைக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

உள்ளே புகுந்த நீர் மூலக்கூறுகள் ஏன் சும்மா பரவிக் கிடக்காமல் மரமாகக் கிளைக்கின்றன? இங்கே ஆறாம் வகுப்புச் சீப்பும் காகிதத் துண்டும் கைகொடுக்கும். தலையில் தேய்த்த சீப்பு, மின்னூட்டமே இல்லாத காகிதத் துண்டை இழுக்கிறது. எதிர் மின்னூட்டம் பெற்ற சீப்பும் இழுக்கும், நேர் மின்னூட்டம் பெற்ற கண்ணாடித் தண்டும் இழுக்கும். மின்னூட்டத்தின் குறி எதுவானாலும், மின்புலம் வலுவாக உள்ள பக்கத்துக்கே காகிதம் போகிறது. நீருக்கும் இதேதான். நீரின் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 80, பாலித்தீனுக்கு 2.3. எங்கே மின்புலம் செறிந்திருக்கிறதோ அங்கே நீர் இழுக்கப்படுகிறது. நம் மாறுதிசை மின்னோட்டத்தில் மின்புலம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. இழுப்பின் திசையோ மாறுவதில்லை. சீப்புப் பரிசோதனையை வெறும் வேடிக்கையாகக் காட்டி முடித்துவிடும் நமக்கு, அதன் அடுத்த படி இங்கே கிடைக்கிறது.

காப்புக்குள் மின்புலம் செறிவது எங்கே? தயாரிப்பின்போது நுழைந்த ஒரு தூசு, ஒரு நுண்குமிழி, கறுப்பு அடுக்கிலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு முள். அந்த இடத்தில் நீர் சேர்ந்து துளியாகிறது. உருண்டையான நீர்த்துளியின் இரு துருவங்களிலும் மின்புலம் சுற்றுப்புறத்தைவிட மும்மடங்கு வரை உயரும். துளி புலத்தின் திசையில் நீண்டுவிட்டால் அதற்கும் மேல். உயர்ந்த புலம் இன்னும் நீரை இழுக்கிறது. மாறி மாறி வரும் விசை பாலிமர் சங்கிலிகளை நொடிக்கு நூறு தடவை இழுத்துத் தளர்த்துகிறது. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போல அவை களைத்துப் பிளக்கின்றன. கூடவே ஆக்சிஜனேற்றமும் நடக்கிறது. நீரை வெறுக்கும் ஹைட்ரோகார்பன் சங்கிலியில் ஆக்சிஜன் சேர்ந்த தொகுதிகள் முளைக்க, அந்தத் தடம் நீரை விரும்பும் தடமாக மாறுகிறது. கரைந்த அயனிகள் சவ்வூடுபரவலால் மேலும் நீரை உள்ளே அழைக்கின்றன. இவற்றுள் எது முதன்மைக் காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே முழு ஒப்புதல் இல்லை. எல்லாம் சேர்ந்தே வேலை செய்கின்றன என்று கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

விளைவு: கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகளும் அவற்றை இணைக்கும் மெல்லிய தடங்களும் கிளைகிளையாகப் பரவுகின்றன. காப்பின் நடுவே உள்ள தூசில் தொடங்கினால் இரு பக்கமும் விரிந்து உடுக்கை போலத் தெரியும். அதற்கு வெளியிலிருந்து நீர் வரத்து குறைவு. ஓரளவு வளர்ந்து பெரும்பாலும் நின்றுவிடும். கறுப்பு அடுக்கு ஒட்டும் எல்லையில் வேர்விட்டு உள்ளே கிளைப்பது இன்னொரு வகை. அதற்கு நீர் வந்துகொண்டே இருக்கும், வளர்ச்சியும் நிற்காது. ஆபத்தானது அதுதான்.

காய்ந்த நிலையில் இந்த மரம் தெரியாது. காப்பை மெல்லிய சீவல்களாக அறுத்து மெத்திலீன் நீலத்தில் ஊறவைத்தால், ஆக்சிஜனேறிய தடங்கள் சாயத்தைப் பிடித்துக்கொண்டு நீல மரமாக எழுந்து நிற்கும். கன்னத்துச் செல்களைப் பார்க்க உயிரியல் ஆய்வகத்தில் நாம் பயன்படுத்தும் அதே சாயம்.

1969-இல் ஜப்பானிய ஆய்வாளர் மியாஷிதா, நீரில் மூழ்கியிருந்த பாலித்தீன் உறையிட்ட கம்பியில் இப்படி மரம் போன்ற சிதைவு ஏற்படுவதைத் தம் ஆய்வுக் கட்டுரையில் தெரிவித்தார். அப்போது அமெரிக்கா தன் புறநகர்களில் பாலித்தீன் கேபிள்களை மும்முரமாகப் புதைத்துக்கொண்டிருந்தது. பாலித்தீன் நீர் புகாதது என்ற நம்பிக்கையில், பல இடங்களில் மேலுறைகூட இல்லாமல், சுற்றிய செம்புக் கம்பி நேராக மண்ணைத் தொடும்படி புதைத்தார்கள். முப்பது நாற்பது ஆண்டு உழைக்கும் என்று கணக்கிட்டவை பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பழுதாகத் தொடங்கின. 1970-களில் தோண்டி எடுத்துச் சாயமிட்டுப் பார்த்தபோது உள்ளே நீர் மரங்கள் இருந்தன.

ஒன்றை மாணவர்களுக்குப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீர் மரம் தானாகக் கேபிளை எரிப்பதில்லை. அதில் தீப்பொறி இல்லை, மின்னிறக்கம் இல்லை. காப்பை முழுவதும் ஊடுருவிய பிறகும் வழக்கமான மின்னழுத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த கேபிள்களைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் பலவீனப்பட்ட அந்த இடத்தில் ஐப்பசி மாதத்து இடி ஒன்றின் மின்னழுத்த அலை வந்து மோதினால், நீர் மரத்தின் நுனியிலிருந்து இன்னொரு மரம் கிளம்பும். அது மின் மரம். கரிந்த, உள்ளீடற்ற குழல்கள். நீர் மரம் வளர ஆண்டுகள் ஆகும். மின் மரம் மணிக்கணக்கில், சிலவேளை நிமிடங்களில் காப்பைக் கடந்துவிடும். பிறகு ஒரு வெடிச் சத்தம், இருட்டு. ஊரில் எல்லோரும் இடி விழுந்து கேபிள் போனது என்பார்கள். இடி தள்ளிவிட்டது மட்டுமே, கரையான் அரித்தது போல முன்பே அரித்து வைத்தது வேறு.

வீட்டு மின்சாரத்துக்கு இதைப் பொருத்திச் சொல்லிவிடக் கூடாது. 230, 415 வோல்ட்டில் ஓடும் வீட்டுக் கம்பிகளிலும் ஆழ்குழாய் மோட்டார் கேபிள்களிலும் நீர் மரம் வளரும் அளவுக்கு மின்புலம் இல்லை. அங்கே கெடுவது வெடித்த மேலுறையும் சரியாகச் சுற்றாத இணைப்பும்தான். எங்கள் பகுதியில் தோட்டத்து மோட்டாரின் இணைப்பைத் துணிநாடாவால் சுற்றித் தொட்டிக்குள் விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தேவை நீர் மரப் பாடம் அல்ல, கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் ஒரு சிறு கருவி.

இனி, கடற்கரையின் கூடுதல் தொல்லை. உறைகளைக் கடந்து ஆவியாகப் புகும் நீர் உப்பைக் கூடவே கொண்டுவருவதில்லை. முழுமையான உறைக்கு அந்த வகையில் கடல்நீரும் கிணற்று நீரும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மண்வெட்டி பட்டோ, எறும்பு கடித்தோ, இழுக்கும்போது கல் உரசியோ வெளியுறையில் கீறல் விழுந்துவிட்டால் கதை வேறு. உப்புநீர் உள்ளே போய் இரும்புக் கவசத்தை அரிக்கும், செம்புப் பட்டையை அரிக்கும். அரிப்பில் பிறக்கும் அயனிகள் காப்பின் எல்லையை அடைந்தால், வேர்விடும் வகை நீர் மரம் வேகம் பிடிக்கும். ஆய்வுக்கூடங்களில் நீர் மரத்தைச் சீக்கிரம் வளர்க்க உப்புக் கரைசலையும் உயர் அதிர்வெண்ணையும் பயன்படுத்துவது இதனால்தான்.

பாக் நீரிணை வழியே இந்தியாவையும் இலங்கையையும் மின்தடத்தால் இணைக்கும் பேச்சு பல ஆண்டுகளாக இருக்கிறது. கடலுக்கு அடியில் கேபிள் என்றதும் அதற்குள் நீர் மரம் காடாக வளராதா என்று கேட்பார்கள். அது நேர்த்திசை மின்னோட்டத் தடமாகவே திட்டமிடப்படுகிறது. நேர்த்திசையில் நீர் மரம் அநேகமாக வளர்வதில்லை. திசை மாறி மாறி வரும் அந்தக் களைப்பு அங்கே இல்லை. கடலடிக் கேபிளுக்குப் பெரும்பாலும் ஈய உறையும் உண்டு. உலோகத்தை நீராவி கடக்காது.

அப்படியானால் எல்லாக் கேபிளுக்கும் ஈய உறை போட்டுவிடலாமே? எடை, விலை, நச்சு மூன்றும் தடுக்கின்றன. ஐம்பது ஆண்டுகளில் வேறு வழிகள் வந்துள்ளன. முன்பு பிணைப்பு வினைக்குச் சூடேற்ற நீராவியையே பயன்படுத்தினார்கள். அதாவது பிறக்கும்போதே காப்புக்குள் நீரும் நுண்குமிழியும் இருந்தன. இப்போது நைட்ரஜனில் உலர் முறையில் செய்கிறார்கள். இரண்டு கறுப்பு அடுக்குகளையும் வெள்ளைக் காப்பையும் ஒரே நேரத்தில் ஒன்றாகப் பிழிகிறார்கள். எல்லையில் தூசுக்கு இடமில்லை. நீர் பட்டால் ஊதி வழியை அடைத்துக்கொள்ளும் பொடி கொண்ட நாடாக்கள் வந்தன. குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் பொருளின் உறவு அது. வெளியுறைக்குப் பி.வி.சி.யைவிடப் பாலித்தீன் நீராவியைக் குறைவாகவே விடும். நீர் மரத்தைத் தாமதப்படுத்தும் சேர்மங்கள் கலந்த பாலித்தீன் 1980-களில் சந்தைக்கு வந்தது. பழைய கேபிளின் இழைகளுக்கு இடையே சிலிக்கான் சார்ந்த திரவத்தைச் செலுத்தி, அது நீருடன் வினைபுரிந்து நீரைத் தீர்க்கும்படி செய்யும் மருத்துவமும் உண்டு. இவை ஒவ்வொன்றும் விலையைச் சற்றுக் கூட்டும். ஒப்பந்தப்புள்ளியில் எழுதப்படும் ஒரு வரி, இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு நாற்பது வயதாகும்போது அவர் தெருவில் விளக்கு எரியுமா என்பதைத் தீர்மானிக்கிறது. கம்பம் சாய்ந்தால் உடனே தெரியும், செய்தியும் வரும். இது தெரியாது.

புதைத்த கேபிளைத் தோண்டாமல் சோதிக்கும் முறையைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களால் புரிந்துகொள்ள முடியும். கேபிள் என்பது நீண்ட ஒரு மின்தேக்கி. குற்றமற்ற மின்தேக்கியில் மின்னோட்டம் மின்னழுத்தத்தைவிட 90 டிகிரி முந்தும். நீர் மரம் நிறைந்த காப்பில் சிறிது ஆற்றல் வெப்பமாக இழக்கப்படுவதால் அந்தக் கோணம் குறையும். குறைந்த அந்தச் சிறு கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்பை 0.1 ஹெர்ட்ஸ் போன்ற மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் அளக்கிறார்கள். 50 ஹெர்ட்ஸில் நீண்ட கேபிளை மின்னேற்ற லாரியளவு கருவி வேண்டும், 0.1 ஹெர்ட்ஸுக்குச் சிறிய கருவி போதும். பழைய முறையில் உயர்ந்த நேர்த்திசை மின்னழுத்தம் கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். வயதான பாலித்தீன் கேபிளுக்கு அந்தச் சோதனையே கேடு. காப்பில் மின்னூட்டம் சிக்கி நின்று, சோதனையில் தேறிய கேபிள் இணைப்பு கொடுத்த பிறகு முறிந்துவிடக்கூடும்.

ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பிரிவுக்குப் போகும் மாணவர்கள் எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் சிலராவது உண்டு. அவர்களிடம் நான் தவறாமல் காட்டச் சொல்வது, சாலையோரத்தில் உருளையில் சுற்றி வைத்திருக்கும் கேபிளின் வெட்டு முனை. அந்த முனையில் சூட்டில் சுருங்கும் மூடி இறுகப் பொருத்தியிருக்க வேண்டும். மூடி இல்லாமல் ஒரு மழைக்காலம் திறந்து கிடந்தால், முறுக்கிய அலுமினிய இழைகளின் இடுக்குகள் வழியே நீர் பல மீட்டர் ஓடிவிடும். அதன்பின் எவ்வளவு நல்ல வெளியுறை போட்டிருந்தாலும் பயனில்லை. நீர் ஏற்கெனவே நடுவில் இருக்கிறது, மரம் உள்ளிருந்து வெளியே வளரும்.